விசாலவதியின் குழந்தைக்கு என்ன ஆயிற்று

தம்பி,

என் மருமகள் சுபாவின் ஆண்டுத் திவசத்தன்று வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்காக நீ மறுபதிப்புச் செய்யும் புத்தகத்துக்கு ஒரு முன்னுரை கேட்டாய். ஆசிரியரைப் பற்றியும் பதிப்புகளைப் பற்றியும் இரண்டு பக்கம் எழுதினால் போதும், உங்களை விட்டால் ரொறன்ரோவில் அதைச் சொல்ல ஆளில்லை என்றாய். அது உண்மைதான். ‘விசாலவதி சரித்திரம்’ என்ற நாவலைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு எழுதியவள் நான் ஒருத்தி. அந்த ஆய்வேட்டைப் படித்தவர்கள் என் பரீட்சகர்கள் மட்டுமே. அவர்களும் முழுவதும் படித்தார்களா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் எழுத உட்கார்ந்தபோது முன்னுரை வரவில்லை, இந்தக் கடிதம்தான் வந்தது. விரும்பினால் இதையே முன்னுரையாகப் போடு. சுபாவுக்காக மண்டபத்தில் கூடுகிறவர்கள் அனைவரும் படிக்கட்டும், எனக்கு ஆட்சேபமில்லை. போட மனமில்லாவிட்டால் நீ மட்டும் படி. ஆனால் திவசத்துக்கு முன்னர் படி. திவசம் முடிந்த மறுநாள் சுபாவின் அக்கா வனிதா லண்டனுக்குத் திரும்புகிறாள். அவளோடு உன் மகள் மதுராவும் போவதற்கு நீ ரிக்கற் எடுத்துவிட்டாய். அந்த விமானம் புறப்பட்ட பின்பு நான் எழுதும் எந்த முன்னுரைக்கும் பயன் கிடையாது.

இந்த ஒரு வருடமாக மதுரா அஜின்கோர்ட்டில் என்னோடு இருக்கிறாள், நீ அஜக்ஸில் அந்த வீட்டில் தனியே இருக்கிறாய். தொடக்கத்தில் அது சில வாரங்களுக்கு என்றுதான் பேசினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாய். குளிருக்குப் போட்ட யக்கற்றைக் கழற்றாமல் சோபாவின் நுனியில் அமர்கிறாய், தேநீர் ஆறும்வரை இருக்கிறாய், அச்சுப் பிழை பார்க்கவேண்டும் என்று எழும்பிவிடுகிறாய். நீ தாடி வளர்ப்பதையோ மெலிந்துபோனதையோ பற்றி நான் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாததற்குக் காரணம் பொறுமை என்று நினைக்காதே, பயம். தமிழ் வானொலியில் நானூற்றொன்றாம் நெடுஞ்சாலையில் விபத்து என்று சொல்லத் தொடங்கினால், காரின் நிறத்தைச் சொல்கிறார்களா என்று குழாயை மூடிவிட்டுக் காதுகொடுக்கிறேன். நீ வேலைக்குப் போகிறாயா என்று தெரிந்துகொள்ள, கேட்பதற்கு ஒன்றுமில்லாத நேரங்களில் உன் அலுவலகத்துக்கு அழைத்து, நீ எடுத்ததும் புட்டுக்கு உழுத்தம்மா இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். உன் வீட்டில் உழுத்தம்மா இராது என்பது எனக்குத் தெரியும். போன ஞாயிறு நீ போன பிறகு மதுரா சப்பாத்துக் கழற்றும் பலகையில் இருந்தபடி கேட்டாள்: “அப்பம்மா, அப்பாக்கு என்னில கோவமா? ஐ டிட்ன்ட் டூ எனிதிங்.” இல்லையடி, அப்பாவுக்கு வேலை கூட என்றேன். அவள் நம்பவில்லை. நான் பொய் சொன்னால் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் திறமை அவளுக்குத் தாயிடமிருந்து வந்திருக்கிறது.

முன்னுரைக்குரிய விடயத்துக்கு வருகிறேன். கதை உனக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சந்திரகாந்தன் என்ற செல்வந்தர் வீட்டுப் பிள்ளை, ஏழைப் பண்டிதர் ஒருவரின் மகளான விசாலவதியைத் தகப்பனை எதிர்த்து மணக்கிறான். பாதிப் புத்தகத்துக்கு மேல் அவர்களைப் பிரிப்பதிலும் சேர்ப்பதிலும் போகிறது. ஓலை தவறிப்போகிறது, தோணி கவிழ்கிறது, ஒரு சித்தப்பா சதி செய்கிறார். கடைசியில் பெண்குழந்தை பிறந்து அது நடக்கத் தொடங்கும் வேளையில் விசாலவதி காய்ச்சலில் இறக்கிறாள். சந்திரகாந்தன் குழந்தையைத் தமக்கையின் கையில் கொடுத்துவிட்டு, மனைவியை எரித்த இடத்தில் போய் உட்கார்ந்து, அன்னம் தண்ணீர் விட்டு, பாட்டாகப் பாடி உயிர்விடுகிறான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இதை எழுதியவர் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்குப் படிப்பித்தவர். அவர் தம் மனைவியைப் பறிகொடுத்த துயரத்தில் எழுதினார் என்பது அந்நாளில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதனாலேயே முதற்பதிப்பு கைக்குக் கை மாறித் தாள் கழன்று போகும்வரை படிக்கப்பட்டது. சைவர்களின் பத்திரிகை கற்பின் பெருமையைக் கண்டது. கிறிஸ்தவர்களின் பத்திரிகை, ஆண்கள் இப்படி அழுவது நாகரிகமா என்று கேட்டது. கொழும்புக்கு உத்தியோகத்துக்குப் போன இளைஞர்கள் சந்திரகாந்தனின் பாட்டுகளை மனனம் செய்து ஒருவருக்கொருவர் சொல்லி அழுதார்கள். இது பெண்களுக்குப் படித்துக் காட்டத் தக்க புத்தகமா என்று ஆண்கள் விவாதித்துக்கொண்டிருக்க, பெண்கள் அதை எப்போதோ படித்து முடித்திருந்தார்கள். ஆய்வுக்காக அந்தப் பழைய பத்திரிகைகளை நான் ஒன்றுவிடாமல் புரட்டினேன். புகழ்ந்தவர்கள், திட்டியவர்கள், யாப்புப் பிழை கண்டவர்கள் எல்லோரும் இருந்தார்கள். தமக்கையின் கையில் கொடுத்த அந்தக் குழந்தை பிறகு என்ன ஆயிற்று என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கேட்டவர் ஒருவர் இருந்திருக்கவேண்டும், ஏனென்றால் சில ஆண்டுகள் கழித்து வந்த இரண்டாம் பதிப்பில் ஆசிரியரே ஓர் அத்தியாயத்தைச் சேர்த்தார். அதில் சந்திரகாந்தன் சாவதில்லை. சுடலையில் அவன் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குத் தமக்கை குழந்தையை இடுப்பில் சுமந்து வருகிறாள். அதை இறக்கி அவன் முன்னால் விட்டுவிட்டுத் திரும்பி நடக்கிறாள். குழந்தை பசியில் அழுகிறது. அவன் விசாலவதியின் குணநலன் பற்றி ஒரு பாட்டுப் பாடுகிறான், அழுகை நிற்கவில்லை. இன்னொரு பாட்டுப் பாடுகிறான், அழுகை கூடுகிறது. பிறகு எழுந்து அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பானையைத் தேடுகிறான். முதலில் காய்ச்சிய கஞ்சி அடிப்பிடிக்கிறது. அடுத்ததில் உப்புக் கூடுகிறது. அதற்கும் அடுத்ததைக் குழந்தை குடிக்கிறது. அவன் பானையைக் கழுவிக் கவிழ்த்து வைப்பதோடு புத்தகம் முடிகிறது. அதை ஏன் சேர்த்தார் என்று ஆசிரியர் எங்கும் சொல்லவில்லை. அவருக்குத் தாயில்லாத பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தது என்பதும், அவர் முதுமைவரை குடை பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க் கணக்குப் படிப்பித்தார் என்பதும் மட்டும் எனக்குத் தெரியும். சந்திரகாந்தனைப் பட்டினி போட்டவர் தாம் பட்டினி கிடக்கவில்லை. நேரில் கண்டவர்களின் பிள்ளைகள் என்னிடம் சொன்னபடி, அவர் நல்ல தேகபுஷ்டியான மனிதர்.

இரண்டாம் பதிப்பை ஒருவருக்கும் பிடிக்கவில்லை. காவிய நாயகன் அடுப்பூதுவதா என்று பத்திரிகைகள் சிரித்தன. முன்பு அழுதவர்கள், தங்களை ஏமாற்றிவிட்டதாகக் கோபித்தார்கள். விற்காத பிரதிகளைச் செல்லரித்தது. ஆசிரியர் இறந்ததும் வண்ணார்பண்ணை அச்சுக்கூடக்காரர் ஒருவர் அந்த அத்தியாயத்தை வெட்டி எறிந்துவிட்டு, கூலிக்குப் பாடும் புலவர் ஒருவரைப் பிடித்து இன்னும் பல புலம்பல்களைச் சேர்த்து மூன்றாம் பதிப்பு வெளியிட்டார். அது கோவில் திருவிழாக்களில் வளையல் கடைக்குப் பக்கத்தில் வைத்து விற்கப்பட்டது. எத்தனை முறை அச்சாயிற்று என்பதற்குக் கணக்கில்லை. நம்மவர்கள் ‘விசாலவதி’ என்று சொல்வது இந்தப் பதிப்பைத்தான். நீ அச்சகத்தில் கொடுத்திருப்பதும் இதுவேதான்.

அந்தப் புலம்பல்கள் புத்தகத்தை விட்டு இறங்கி எங்கெல்லாம் போயின என்பதற்கு நானும் நீயும் சாட்சி. செத்தவீடு நடந்து முப்பத்தோராம் நாள் கல்வெட்டு என்று ஒரு சிறு புத்தகம் அடித்து, இறந்தவரின் படமும் தோத்திரப் பாடல்களும் உறவினர் புலம்பலும் போட்டுக் கொடுப்பது நம் வழக்கம். உன் அப்பா போனபோது அச்சகக்காரர் தவம் என்னைத் தேடி வந்தார்.

“துணைவியார் புலம்பல் எண்டு ஒரு பக்கம் போடவேணும் அன்ரி.”

“எனக்குத் துயரம் இருக்கு. பாட்டு இல்லை,” என்றேன்.

“பாட்டு எங்களிட்ட இருக்கு அன்ரி. கொம்பியூட்டரில ஏத்தி வைச்சிருக்கிறம். பேரை மாத்தினால் சரி.”

நான் வேண்டாம் என்று சொன்னதை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். மண்டபத்தில் கல்வெட்டு கைக்கு வந்தபோது, சந்திரகாந்தன் விசாலவதிக்குப் பாடியதையெல்லாம் நான் உன் அப்பாவுக்குப் பாடியிருந்தேன். முப்பது வயதிலேயே வழுக்கை விழுந்த அந்த மனிதரின் கார்முகில் கூந்தலை இனி எங்கே காண்பேன் என்று நான் ஏங்குவதாக அச்சாகியிருந்தது. நீயும் சுபாவும் சமையலறைப் பக்கம் ஓடியதை நான் பார்த்தேன். பின்னால் வந்தபோது நீ சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய், அவள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்திருந்தாள். என்னைக் கண்டதும் சொன்னாள்: “மாமா கேட்டிருந்தால் சந்தோசப்பட்டிருப்பார் மாமி. ஒருத்தரும் அவருக்கு இப்படிச் சொன்னதில்லை.” அன்று சிரித்தது பாவம் என்று நீ இப்போது நினைக்கக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த நாளில் எனக்கு ஒரு வாய் சோறு இறங்கியது என்றால் அது அந்தச் சிரிப்பினால்தான்.

சுபாவுக்கு மிகப் பிடித்த புத்தகம் என்பதற்காகவே இதை அச்சடிக்கிறாய் என்கிறாய். பிடித்தது என்பது உண்மை, ஆனால் எப்படிப் பிடித்தது என்று உனக்குத் தெரியாது. மதுரா வயிற்றில் இருந்தபோது, அஜக்ஸிலிருந்து வேலைக்குப் போய்வரும் ரெயினில் அவள் மூன்றாம் பதிப்பைப் படித்தாள். படித்து முடித்த அன்று நேரே என் வீட்டுக்கு வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

“மாமி, வடிவாய் அழுதுபோட்டன். பக்கத்தில இருந்த வெள்ளைக்காரி டிசுப் பேப்பர் எடுத்துத் தந்தவள். புருசன் விட்டிட்டுப் போயிற்றார் எண்டு நினைச்சிருப்பாள்.”

“அழத்தான் அதை எழுதினது. வடை சாப்பிடு,” என்றேன்.

பாதி வடையில் நிறுத்திக் கேட்டாள்: “அதுசரி, உந்தப் பிள்ளை எங்க போச்சு?”

நான் ஆய்வு முடித்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. என் பேராசிரியர் கேட்கவில்லை, பரீட்சகர்கள் கேட்கவில்லை. அவள் கேட்டாள். என்னிடமிருந்த இரண்டாம் பதிப்பை எடுத்துக் கொடுத்தேன். என் சமையலறை மேசையிலேயே இருந்து அந்த அத்தியாயத்தைப் படித்தாள். கஞ்சி அடிப்பிடித்த இடத்தில் உரக்கச் சிரித்தாள். “உங்கட மகன் எண்டால் பிட்சாவுக்கு ஃபோன் பண்ணியிருப்பார் மாமி,” என்றாள். பிறகு கடைசிப் பக்கத்தில் விரலை வைத்து இன்னொருமுறை படித்தாள். “எண்டாலும் எழும்பினாரே,” என்று சொல்லிப் புத்தகத்தை மூடினாள். இதை அவள் மரணப் படுக்கையில் சொன்னாள் என்று நான் கதை கட்டமாட்டேன். வயிற்றில் பிள்ளையோடும் கையில் வடையோடும் சொன்னாள். அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு நோயும் இல்லை. உனக்கு விட்டுச்செல்லும் செய்தியாக அவள் அதைச் சொல்லவில்லை. அப்படி ஆக்கவேண்டாம் என்றுதான் இவ்வளவு நாளும் உன்னிடம் சொல்லாமல் இருந்தேன்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், போன ஞாயிறு நடந்த பேச்சினால். மதுரா அறையில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ மெல்லிய குரலில் சொன்னாய்: “அங்க பெரியம்மாவின்ர பிள்ளையள் இருக்கினம் அம்மா. இஞ்ச அவளுக்கு ஆர் இருக்கினம்?”

“நீ இருக்கிறாய்,” என்றேன்.

“நான் இருக்கிறன் எண்டு ஆர் சொன்னது?”

அதைச் சொல்லிவிட்டு நீ கார்ச் சாவியைத் தேடினாய். நான் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தேன். சீனி போடாத தேநீர். அந்த வசனத்தைக் கேட்டதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. உனக்குச் சொல்லாமல் இரண்டு காரியம் செய்திருக்கிறேன். உன் சிநேகிதன் ரமணனிடம், இனி வாரத்தில் பாதி நாள் உன்னோடு வந்து தங்கும்படி கேட்டிருக்கிறேன், ஓம் என்றிருக்கிறான். குடும்ப வைத்தியரிடம் உன் பெயருக்கு நேரம் எடுத்திருக்கிறேன். வாசலில் நானும் வந்து நிற்பேன். கோபிப்பதானால் கோபி. உன் கோபத்தை என்னால் தாங்க முடியும், வேறு சிலவற்றைத் தாங்க முடியாது.

வனிதாவைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லப்போவதில்லை. நல்ல பெண், பிள்ளைகளை அடிக்காதவள், மதுராவைத் தன் பிள்ளை போல வளர்ப்பாள். லண்டனில் மதுராவுக்கு உடுப்புக்கும் படிப்புக்கும் விளையாட்டுக்கும் ஒரு குறைவும் வராது. சில மாதங்களில் அழுகை நின்றுவிடும், சில வருடங்களில் உன்னை விடுமுறைக்கு வரும் சித்தப்பா ஒருவரைப் போலப் பார்த்துச் சிரிப்பாள். நான் பயப்படுவது அவளுக்காக மட்டும் என்றால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கமாட்டேன். அவள் போன பிறகு அஜக்ஸில் அந்த வீட்டில் உன்னை எழும்பவைக்கும் அலுவல் எது என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் அகப்படவில்லை. இந்த வயதில் பிள்ளை வளர்க்க என் முழங்கால் விடாது என்பதால் உன் தலையில் கட்டப் பார்க்கிறேன் என்று நீ நினைக்கலாம். முழங்கால் விடாது என்பதும் உண்மையே. ஆனாலும் நீ உன் மகளை உன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதானால், நானும் உழுத்தம்மாவோடு பின்னால் வருவேன். சில காலம் அடுப்பை நான் பார்த்துக்கொள்வேன், தலைவாருவதும் பள்ளிக்கூடத்தில் விடுவதும் உன் பங்கு. தலைவாரத் தெரியாது என்பாய். அவளே சொல்லித்தருவாள், வாயும் கொஞ்சம் காட்டுவாள்.

இலக்கியம் என்ற அளவில் என் கருத்து மாறவில்லை என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன். முதற்பதிப்பின் முடிவே கலைச் செறிவு உள்ளது. இரண்டாம் பதிப்பின் கடைசி அத்தியாயம் அவசரமாக எழுதப்பட்டது, நடை தளர்ந்தது, பாட்டும் உரைநடையும் ஒட்டவில்லை. ஆய்வேட்டில் அப்படித்தான் எழுதினேன், பரீட்சகர்கள் அதை மட்டும் மெச்சினார்கள். இன்றைக்கு எழுதினாலும் அப்படித்தான் எழுதுவேன். நாவலாசிரியர் ஒருவர் தம் நல்ல புத்தகத்தைத் தாமே கெடுத்துக்கொண்டார். கெடுத்துக்கொள்ளாவிட்டால் அவருடைய பிள்ளை அந்தப் புத்தகத்தை ஒருநாள் கையிலெடுத்துப் படித்து, தன்னைப் போன்ற ஒன்றைத் தகப்பன் யாரிடமோ கொடுத்துவிட்டுச் செத்ததைக் கண்டிருக்கும். மதுராவும் தமிழ் வாசிக்கப் பழகுகிறாள். அவளுடைய அம்மாவின் படம் போட்ட புத்தகத்தை அவள் வாசிக்காமல் விடமாட்டாள்.

ஆகையால் இந்தப் புத்தகத்தின் பதிப்பாசிரியர் நீ என்ற முறையில் கேட்கிறேன்: இரண்டாம் பதிப்பின் கடைசி அத்தியாயத்தைச் சேர். என் பிரதியைத் தவத்திடம் கொடுத்திருக்கிறேன், அவர் தட்டெழுதத் தொடங்கிவிட்டார். “உது சோகத்தைக் குறைச்சுப்போடும் அன்ரி, சனம் ஏமாறும்,” என்று அவரும் எச்சரித்தார். குறையட்டும் என்றேன். பிரயாண விடயத்தில் நான் உன்னைத் தடுக்க முடியாது. மதுராவுக்கு நீதான் தகப்பன், முடிவு உன்னுடையது. வனிதாவிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் மதுராவின் பெட்டியை நான் அடுக்கமாட்டேன். அனுப்புவதானால் நீ வந்து அடுக்கு. இந்த வருடத்தில் அவள் நன்றாக வளர்ந்துவிட்டாள். எந்தச் சட்டை இப்போது அளவு, எந்தச் சப்பாத்து கடிக்கிறது, எந்தப் பொம்மை இல்லாமல் நித்திரை வராது என்பதெல்லாம் உனக்குத் தெரியாது, நான் சொல்லித்தரப் போவதுமில்லை. யக்கற்றைக் கழற்றிவிட்டு நிலத்தில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாக அவளையே கேள்.

அம்மா